நாகமரைத் துறையில் இறங்கிய லேத்

ஏரியூர்க்காரர்கள் வெளிநாடு போகப் பாஸ்போர்ட் வேண்டாம். நாகமரைத் துறையில் படகு ஏறினால் போதும். மேட்டூர் அணையில் தேங்கிய நீருக்கு இந்தப் பக்கம் எங்கள் தருமபுரி மாவட்டம், அந்தப் பக்கம் சேலம் மாவட்டம். அங்கிருந்து மலைப் பாதையில் பஸ் பிடித்தால் கர்நாடகம். எங்கள் வீட்டில் இது எல்லாவற்றுக்கும் சேர்த்து "அக்கரை" என்று ஒரே பெயர். அப்பா அக்கரைக்குப் போயிருக்கிறார் என்றால் எங்கோ கிணறு வெட்டப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

நான் அக்கரைக்குப் போனது இரும்பு கடைகிற ஒரு பழைய லேத் வாங்க.

என் பெயர் கவிதா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தவள் நான். இதை எந்தச் சபையிலும் சத்தமாகவே சொல்வேன். தருமபுரியில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அங்கே இருப்பவை கணினி வைத்த இயந்திரங்கள். கதவை மூடிப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இரும்பு தானாகக் கடையப்பட்டு வெளியே வரும். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. கல்லூரிப் பட்டறையில் கைப்பிடியைச் சுழற்றி, இரும்பு நீல நிறச் சுருளாகப் பிரிந்து விழுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவளுக்கு இது எப்படிப் போதும்?

எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாரும் வெள்ளாமைக்காரர்கள். மோட்டாரில் ஒரு புஷ் தேய்ந்தாலும் பென்னாகரத்துக்கோ தருமபுரிக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வீட்டிலேயே ஒரு லேத் போட்டால் ஓசூர் விடுதியைக் காலி செய்துவிட்டு வந்துவிடலாம் என்று ஆசை. அடுத்த இயந்திரத்தில் வேலை செய்யும் ஜெசிந்தாவிடம் ஒருநாள் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எங்க வூட்ல ஒண்ணு கெடக்கு. கோழி படுக்குது அதுல. வர்ற செவ்வாக்கெழம பழைய இரும்புக்காரன் சம்மட்டியோட வரான்" என்றாள்.

வார்ப்பிரும்பைச் சம்மட்டியால் அடித்தால் பானை மாதிரி உடைந்துவிடும். உடைந்ததை ஒட்ட முடியாது. மூன்று நாள் விடுப்பு சொல்லிவிட்டு அன்று மாலையே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "கொண்டாந்து எங்க வெப்ப?"

"மாட்டுக் கொட்டாயில."

"மாட்ட எங்க கட்டறது? உன் தலையிலயா?"

அப்பா நடுவில் புகுந்தார். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முடிவு என்றால் அம்மா சொன்னதுதான். "பொங்க வரைக்கும் செவல மாடு புங்க மரத்தடியில நிக்கட்டும். மாட்டுப் பொங்கலன்னைக்கு அதுக்குன்னு ஒரு எடத்துலதான் படைக்கணும். அதுக்குள்ள உன் இரும்பு ஓடி, ஏதாச்சும் உருப்படியா செஞ்சு காட்டுச்சுன்னா மாட்டுக்கு வேற கொட்டாய் போட்டுக்கலாம். இல்லன்னா இரும்பு வெளிய, மாடு உள்ள, நீ ஓசூர்ல."

எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலன்று மாடு கட்டும் இடத்தின் முன்னால்தான் பொங்கல் வைத்துப் படைப்பார்கள். அன்றைக்கு மாடு எங்கே நின்று பூசை வாங்குகிறதோ, அந்த வருடம் முழுக்க அதுதான் அதன் இடம். அம்மா இதில் இம்மி அளவும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

முதல் நாள் காலையில் நாகமரையில் படகு ஏறினேன். மார்கழிக் குளிர். தண்ணீர் சில அடி இறங்கியிருந்ததால் கரையெல்லாம் சேறு. படகில் கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு பைக், ஒரு கூடை கத்தரிக்காய், அப்புறம் நான். அக்கரையில் பண்ணவாடி. அங்கிருந்து கொளத்தூர் போய், மாதேஸ்வரன் மலைக்குப் போகும் கர்நாடக பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

பஸ் முழுக்க மலைக்குப் போகும் பக்தர்கள். கன்னடம் எனக்குப் பாதி புரியும். ஓசூர் கொடுத்தது கால், அப்பா அக்கரையிலிருந்து கொண்டுவந்தது கால். முன் இருக்கையில் ஒரு விவசாயக் குடும்பம் ராகி மூட்டையோடு உட்கார்ந்திருந்தது. மூட்டைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார் நடத்துநர். "மலைமேல இருக்கிற மாதப்பா சாமிக்கு நேர்ந்த மூட்டை. காசு வேணும்னா மேலே வந்து அவர்கிட்ட கேட்டுக்கோ" என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர். நடத்துநர் சிரிக்கவில்லை. "அவர் எனக்கே இன்னும் பாக்கி வெச்சிருக்கார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பஸ்ஸே சிரித்தது.

என்னிடம் ஆதார் அட்டை கேட்டார். கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்து டிக்கெட் கிழித்தார். அந்த மாநிலத்துப் பெண்களுக்குத்தான் இலவசமாம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் அட்டையெல்லாம் கேட்க மாட்டார்கள். பெண்ணாக இருந்தால் போதும். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "அப்படியானால் உங்கள் ஊரில் ஆண்கள் புடவை கட்டிக்கொண்டு ஏறுவதில்லையா?" என்று கேட்டாள். டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஜெசிந்தாவின் ஊர் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன கிராமம். எல்லை தாண்டியும் தமிழ் பேசுகிற கத்தோலிக்க விவசாயக் குடும்பங்கள். அவள் அம்மா சூசையம்மா வாசலில் நின்றுகொண்டு, "நீங்கதான் லேத்துப் பொண்ணா? ஒல்லியா இருக்கீங்க?" என்று வரவேற்றார். கிறிஸ்துமஸுக்கு மகன் குடும்பத்தோடு வருகிறானாம். அவர்கள் தங்க அந்தக் கொட்டகை காலியாக வேண்டும். அதனால்தான் இரும்புக்காரனுக்குச் சொல்லிவிட்டிருந்தார்.

களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் போட்டார். எங்கள் அம்மா களியில் கொஞ்சம் அரிசி நொய் சேர்ப்பார். இங்கே ராகி மட்டும். கறுத்து, பளபளவென்று, பந்து மாதிரி இருந்தது. குழம்பு அபாரம். அவரையைத் தோல் நீக்கிப் பிதுக்கி எடுப்பதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசமில்லை. எனக்கு மனமெல்லாம் கொட்டகையில்தான் இருந்தது. கை கழுவிவிட்டு ஓடினேன்.

இருட்டான மூலையில் அது நின்றது. வளைந்த வார்ப்பிரும்புக் கால்கள். படிப்படியாகச் சிறுத்துப் போகும் பெல்ட் சக்கரங்கள். இந்தக் காலத்தில் யாரும் இப்படிச் செய்வதில்லை. மேலே தூசி, கோழி எச்சம், துரு. கையிலிருந்த துணியை டீசலில் நனைத்து, பெட் என்று சொல்லும் நீளமான இரும்புத் தளத்தின் மீது ஒரு சாண் துடைத்தேன். உள்ளே இருந்து சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு எட்டிப் பார்த்தது. விரலால் தடவினேன். பள்ளம் இல்லை, வெடிப்பு இல்லை. "இருக்கு! நல்லாருக்கு!" என்று கத்திவிட்டேன்.

என் கத்தலுக்குப் பதில் சொன்னது ஒரு கோழி. பெட்டுக்குக் கீழே, இரும்புச் சீவல் விழுவதற்காக வைத்திருக்கும் தட்டில், வைக்கோல் பரப்பி அடை படுத்திருந்தது. சிறகைச் சிலிர்த்துக்கொண்டு என்னை முறைத்தது.

பின்னாலேயே வந்த சூசையம்மா, "ஐயோ, அத மறந்தே போனேன்" என்றார். "இன்னும் ஒரு வாரம் ஆவும் குஞ்சு பொரிக்க. அடைக்கோழிய எழுப்பக் கூடாதுங்க. எழுப்புனா முட்ட அத்தனையும் கூமுட்டதான்."

"செவ்வாக்கெழம இரும்புக்காரர் வந்தா?"

"அவனுக்கும் இதே பேச்சுதான். கோழி எறங்குனாதான் லேத்து."

எனக்கு இருந்தது இன்னும் இரண்டு நாள் விடுப்பு. அடுத்த வாரம் வந்தால் நான் முந்துவேனா, சம்மட்டி முந்துமா என்று தெரியாது. விலை பேசியதைவிட இதுதான் பெரிய பேச்சுவார்த்தையாக இருந்தது. கூடையோடு நகர்த்தலாமா என்று கேட்டேன். "அதுக்கு எடம் மாறுனா புடிக்காது." மறைப்புக் கட்டலாமா என்று கேட்டேன். "அதுக்கு இருட்டுப் புடிக்காது." கடைசியில் குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தேன். அது கால்களுக்கு நடுவே சும்மா செருகி வைத்த தகரத் தட்டு. லேத் ஓட அது அவசியமில்லை.

"அம்மா, கோழி எங்கயும் போக வேணாம். தட்டு இங்கயே இருக்கட்டும். நான் கோழிக்கு மேல இருக்கறத மட்டும் கழட்டிக்கறேன்."

சூசையம்மா யோசித்தார். "சத்தம் போடாம கழட்டுவீங்களா?"

இரண்டாம் நாள் முழுவதும் கழற்றினேன். டீசல் ஊற்றி ஊறவைத்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக, சுத்தியல் படாமல், ஸ்பானரில் குழாய் மாட்டி நெம்பி நெம்பித் தளர்த்தினேன். முதலில் வால் பக்கம் இருக்கும் டெயில்ஸ்டாக். அப்புறம் வெட்டு உளியைத் தாங்கி நகரும் வண்டி. அப்புறம் லேத்தின் தலை, அதாவது சக்கரங்களோடு இருக்கும் ஹெட்ஸ்டாக். கோழிக்கு மேல் கூரை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. ஒவ்வொரு பாகம் கிளம்பும்போதும் அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ஓசூரில் எங்கள் ஷிப்ட் மேலாளரும் அப்படித்தான் பார்ப்பார்.

சாயங்காலம் ஜெசிந்தாவின் சித்தப்பா அந்தோணி, பக்கத்துக் காட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். லேத்தின் பெட்டை மூங்கிலில் கட்டி, கோழியின் தலைக்கு மேலாகத் தூக்கி வெளியே கொண்டு போனார்கள். தட்டை நாலு கல் மேல் வைத்துவிட்டுக் கால்களையும் உருவிக்கொண்டேன். கோழி எழவே இல்லை. சூசையம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். பெட் மழையில் நனையக் கூடாதென்று ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை சுற்றி, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியும் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அந்தோணி சித்தப்பாவின் டெம்போவில் அதே ஆட்களோடு பண்ணவாடி வந்து சேர்ந்தோம். படகு நாகமரைப் பக்கம் இருந்தது. காத்திருந்த நேரத்தில் துறையில் பொரித்த ஜிலேபி மீன் சாப்பிட்டோம். அணைத் தண்ணீர் மீனுக்கு மிளகாய்த்தூளும் உப்புமே போதும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேரே இலைக்கு வந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

மூங்கிலில் கட்டிய பெட்டை ஆறு பேர் தோளில் தூக்கிக்கொண்டு படகில் ஏறியபோது பேச்சு சட்டென்று நின்றது. ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பூக்கூடையோடு இருந்த ஒரு அக்கா எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. கனமான சாமான் வருகிறதே என்று வழி விடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"உங்க சொந்தமா, கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார் அந்த அக்கா.

"ஆமாங்க, நேத்துலருந்து எங்களுதுதான்."

"வயசு என்ன இருக்கும்?"

"எம்பதுக்கு மேல இருக்குங்க."

"நல்லா வாழ்ந்து முடிச்ச உசுரு. அழுவாத."

காற்று முகத்தில் அடித்துக் கண்ணில் நீர் வந்திருந்தது. துடைத்துக்கொண்டேன். அவர் வேட்டிக் கட்டை மேலும் கீழும் பார்த்தார். "கால் தெரியலையே, ரொம்பக் குட்டையா?"

"காலத் தனியா கழட்டிட்டோங்க. அந்தச் சாக்குல இருக்கு."

அவர் கூடையைப் பற்றிக்கொண்டார். "தல?"

"தல அந்தப் பொட்டியில."

"அட மாரியாத்தா!" என்று எழுந்தே விட்டார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. படகோட்டி, "யாரும் எந்திரிக்காதீங்க! எவ்ளோ கனம் ஏத்தியிருக்குன்னு தெரியுமா?" என்று கத்தினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேட்டியின் ஓரத்தை அவிழ்த்து இரும்பைக் காட்டினேன். தலைத்துண்டை அவிழ்த்த பெரியவர் அதை உதறி மறுபடி கட்டிக்கொண்டார். "இரும்புக்கா துண்ட அவுத்தேன்?" என்று கரை சேரும்வரை முணுமுணுத்தார். பூக்கார அக்கா மட்டும் சிரித்துச் சிரித்து, இறங்கும்போது ஒரு முழம் செவ்வந்தியை அறுத்துப் பெட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

நாகமரைக் கரையில் சேறு எங்களை விடவில்லை. படகு நின்ற இடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே முழங்கால் சேறு. தூக்கி வந்த ஆட்கள் நாலு அடி வைத்ததும் ஒருவர் சறுக்கினார். பெட்டின் ஒரு முனை கீழே போய் ஒரு கல்லை உரசி நின்றது. என் நெஞ்சே அங்கே உரசியது போல இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். உரசியது அடிப்பக்கம். தப்பித்தது.

அப்பா கரையில் டிராக்டரோடு நின்றிருந்தார். கிணற்றிலிருந்து கல் இழுக்கும் கிரேனைப் பின்னால் மாட்டிய டிராக்டர். அவருடைய கிணற்று ஆட்களும் இருந்தார்கள். பலகைகளைச் சேற்றில் வரிசையாகப் போட்டு, இரும்பு வடத்தைப் பெட்டில் கட்டி, அப்பா வாயில் விரல் வைத்து விசிலடித்தார். ஒரு விசிலுக்கு இழுவை, இரண்டு விசிலுக்கு நிறுத்தம். லேத் சேற்றின் மேல் மகாராணி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. நான் பக்கத்திலேயே நடந்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "பொண்ணழைப்பு மாதிரி இருக்குதுப்பா" என்றார் ஆட்களில் ஒருவர். அம்மா வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வந்துருச்சா உங்க இரும்பு?" என்று மட்டும் கேட்டார். சேற்றுக் காலோடு உள்ளே வரக் கூடாதென்று எல்லாருக்கும் கிணற்றடியைக் காட்டினார்.

அதன்பிறகு வந்த வார விடுமுறைகள் எல்லாம் கொட்டாயில்தான். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பஸ். திங்கள் விடியலில் மறுபடி பஸ். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். தலையில் முக்கிய அச்சு சுற்றவே மறுத்தது. பழைய கிரீஸ் இறுகி வெல்லப்பாகு மாதிரி ஆகியிருந்தது. அதை வழித்தெடுத்துப் புது எண்ணெய் விட்டதும் ஒரு விரலால் தள்ளினால் சுற்றி நின்றது. அதைச் சுற்றிவிட்டுச் சுற்றிவிட்டு ஒரு மதியம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். பெல்ட்டுக்கு வழி தெரியாமல் நின்றபோது அம்மாதான் மாவு மில்லில் மாற்றிப்போட்ட பழைய பெல்ட்டை வாங்கிக்கொண்டு வந்து போட்டார். "எனக்கென்னமோ அவங்க வெளிய போட்டிருந்தாங்க, எடுத்தாந்தேன்" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

ஒரே ஒரு குறைதான் பாக்கி. உளி எவ்வளவு உள்ளே போகிறது என்று காட்ட, கைப்பிடியில் கோடு போட்ட ஒரு வளையம் உண்டு. எங்கள் லேத்தில் அந்தக் கோடுகள் தேய்ந்து கண்ணுக்கே தெரியவில்லை. நகத்தால் தடவினால்தான் இருப்பது புரியும். அளவு தெரியாமல் கடைவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பது போல.

போகிக்கு முந்தின நாள், பொங்கல் விடுமுறைக்கு வந்தேன். எல்லாப் பாகங்களையும் ஏற்கெனவே மறுபடி பொருத்தி வைத்திருந்தேன். மோட்டாரை மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் மிச்சம். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையோடு நேராகக் கொட்டாய்க்குள் போனேன்.

லேத் சிவப்பாக இருந்தது. சக்கரங்கள் நீலம். கால்கள் பச்சை. நான் வாரக்கணக்கில் தேய்த்து வெள்ளியாக்கி வைத்திருந்த பெட், வண்டி வழுக்கி ஓட வேண்டிய பெட், மினுமினுவென்று சிவப்புப் பெயிண்ட். கைப்பிடி, வளையம், நீளமான திருகு எல்லாம் சிவப்பு. டெயில்ஸ்டாக்கில் ஒரு சலங்கை வேறு கட்டியிருந்தது.

பின்னால் அப்பா நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "எப்டி?"

"என்னாப்பா பண்ணி வெச்சிருக்க?"

"வெறும் இரும்பா இருந்துது பாப்பா. துரு ஏறிடாதா? எங்க கிரேனுக்கு வருசா வருசம் பொங்கலுக்கு ஒரு எடம் விடாம அடிப்போமே. மாட்டுக் கொம்புக்கு வாங்குன பெயிண்டு, நல்ல கம்பெனி."

வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டு நகரவில்லை. அதைத் தள்ள முடியாமல் நான் நிற்பதைப் பார்த்ததும் அப்பாவின் சிரிப்பு மெல்ல அணைந்தது. கிணற்றில் கல் சரிந்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. "ஓடாதா?" என்று கேட்டார். ஏரியூர்க் கடைக்குப் போய்ப் பெயிண்டைக் கரைக்கத் தின்னர் வாங்கி வந்தேன்.

போகியன்று ஊரே பழசை எரித்துக்கொண்டிருக்க, நாங்கள் புதுசைச் சுரண்டினோம். கத்தி பட்டால் பெட்டில் கீறல் விழும். அதனால் தேங்காய் ஓட்டை உடைத்து அதன் விளிம்பால் சுரண்டினோம். அப்பா தலை நிமிராமல் சுரண்டினார். கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்த அம்மா, புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்து ஒரு ஓட்டுத் துண்டை எடுத்தார்.

"இது எதுக்கு?"

"இதுமேலதாம்மா வண்டி ஓடும்."

"இது?"

"இதச் சுத்துனா உளி உள்ள போவும்."

"எவ்ளோ போவுதுன்னு எப்டித் தெரியும்?"

"தெரியாது. கோடு தேஞ்சு போச்சு."

அம்மா அந்த வளையத்தைப் பழைய துணியால் அழுத்தித் துடைத்தார். துடைத்துவிட்டு, "இங்க நெறையாக் கோடு இருக்குதே" என்றார்.

பாய்ந்து போய்ப் பார்த்தேன். மேலே இருந்த பெயிண்ட் துணியோடு போயிருந்தது. ஆனால் தேய்ந்த கோடுகளின் பள்ளத்துக்குள் போன சிவப்பு அப்படியே தங்கியிருந்தது. வளையம் முழுக்க, மயிரிழை மயிரிழையாக, செக்கச் சிவந்த கோடுகள். எண்கள்கூடத் தெரிந்தன. புதிதில்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. "அப்பா!" என்று கத்தினேன். பயந்துபோய் எழுந்து வந்தார்.

"இத மட்டும் அழிக்காத! இது இப்படியே இருக்கட்டும்!"

அவர் குனிந்து பார்த்தார். மெதுவாகப் பழைய சிரிப்பு திரும்பியது. "பாத்தியா? நான் அடிச்ச பெயிண்டு."

"நீ பேசாத இருய்யா" என்றார் அம்மா. "பெட்டப் போயி சொரண்டு."

பொங்கலன்று மோட்டாரைப் போட்டோம். முதலில் பெல்ட் கழன்று பறந்து சுவரில் போய் விழுந்தது. சக்கரங்களை நேர்கோட்டில் நகர்த்தி இறுக்கினேன். மறுபடி போட்டேன். தடக், தடக் என்று ஒரு தாளம். அச்சு சுற்றியது. அப்பாவின் கிணற்று ஆட்கள் விசிலடித்தார்கள். அம்மா பொங்கல் பானையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓடினா ஆச்சா? வேல செய்யணும்னுதான சொன்னேன்" என்றார்.

மாட்டுப் பொங்கல் காலையில் அவரே வேலையும் கொண்டுவந்தார். செவலையின் கொம்பு நுனியில் மாட்டக் கடையில் வாங்கிய பித்தளைக் குப்பிகள். கலப்பின மாடு, கொம்பு குட்டையாக, கட்டையாக இருக்கும். எந்தக் குப்பியும் நிற்காது. வருடா வருடம் மாடு தலையை ஆட்டியதும் குப்பி எகிறிச் சாணியில் விழும், ஊர் சிரிக்கும். "இதுக்கு ஒரு ஜோடி செய்யுமா உன் இரும்பு? செவலயக் குளிப்பாட்டிக் கூட்டியாறதுக்குள்ள."

மரத்தடிக்கு ஓடினேன். செவலை வைக்கோலை மென்றுகொண்டிருக்க, இரண்டு கொம்பையும் அளந்தேன். இடது கொம்பு வலதைவிடத் தடிமன். எந்தக் கடையில் இது தெரியும்? லேத்தோடு வந்த சாமான் பெட்டியில் ஒரு பித்தளைத் துண்டு கிடந்தது. அதைச் சக் என்னும் சுழலும் கவ்வியில் பிடித்தேன். மோட்டாரைப் போட்டு, கைப்பிடியை மெல்லச் சுழற்றினேன். ஒரு சிவப்புக் கோடு. இன்னொன்று. பித்தளை பொன் மழையாகச் சிதறியது. வெளிப்பக்கம் வழவழவென்று ஆனதும், உளியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து உள்ளே கூம்பாகக் குடைந்தேன். அளந்தேன். இன்னும் இரண்டு கோடு. மறுபடி அளந்தேன். கையிலும் முடியிலும் பித்தளைத் தூள். அம்மா ஏரியிலிருந்து மாட்டை ஓட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டபோது இரண்டாவது குப்பியைச் சக்கிலிருந்து எடுத்தேன். அது இன்னும் சூடாக இருந்தது.

வாசலிலேயே மாட்டை நிறுத்தினோம். அப்பா கொம்பைப் பிடித்துக்கொண்டார். நான் குப்பியை மாட்டி ஒரு திருகு திருகினேன். கூம்பில் கூம்பு கச்சிதமாக உட்கார்ந்தது. வலதுக்கும் அப்படியே. செவலை தலையை உதறியது. எல்லாரும் கீழே பார்த்தோம். எதுவும் விழவில்லை. இன்னும் வேகமாக உதறியது. வெயிலில் இரண்டு பித்தளை முனையும் மின்னின.

"அட, புடிச்சுகிச்சு!" என்றார் கிணற்று ஆட்களில் ஒருவர்.

அம்மா ஒரு குப்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அடுத்ததையும் இழுத்துப் பார்த்தார். பிறகு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தார். செவலை பழக்கத்தில் கொட்டாய் வாசலுக்குத் திரும்பி, தலையை உள்ளே நீட்டியது.

அம்மா கயிற்றை மறுபக்கம் இழுத்தார்.

"அங்க எங்கடி போற? அது கவிதா பட்டறை."

புங்க மரத்தடியில் முளையை அடித்துக் கட்டிவிட்டு, அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "நின்னுகினே இருந்தா? கம்பு வெட்டியா. கொட்டாய் போட்டாதான் படைக்க முடியும்." கிணற்று ஆட்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அம்மாவின் பொங்கல் பானை ஏற்கெனவே மரத்தடியில் அடுப்பேறியிருந்தது.